தயிர்ச் சட்டிக்கு ஒரு மேல் கொமா

அண்ணை எங்களோடு இருந்த காலத்தில் எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் எழுத்துப் பிழை இருந்ததில்லை. அழுகிய தக்காளி இருந்தது. மூடி தொலைந்த ஊறுகாய்ப் போத்தல் இருந்தது. ஒருமுறை ரூபனின் வலது காற் சப்பாத்துக்கூட இருந்தது. தன் தயிரைத் தின்றதற்குப் பழிக்குப் பழியாக ஜெயம் வைத்தது அது. பிழை மட்டும் கிடையாது.

கோட்-டெ-நெய்ஜில் பல்கலைக்கழகத்துக்குப் பின்பக்கம் ஒரு நாலரை வீட்டில் நான்கு பேர் இருந்தோம். மொன்றியலில் வீட்டின் அறைகளை அரையோடுதான் எண்ணுவார்கள், அந்த அரை குளியலறை. எனக்கும் அண்ணைக்கும் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடத்தில் வேலை. ரூபன் சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றினான். ஜெயம் வைத்தியசாலையில் துப்புரவு. நாங்கள் மூவரும் இருபத்தைந்தைச் சுற்றி நின்றவர்கள், அண்ணை நாற்பதைத் தொடப் போகிறவர். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயரை நாங்கள் எழுதியது ஒரே ஒரு நாள்தான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் கலியாணம் கட்டி எட்டாம் மாதம் ஊரை விட்டு வந்தவர். மனைவி யாழ்ப்பாணத்தில். வருடம் ஏழாகியிருந்தது. அந்த மனிதர் காலையில் எழும்புவதும் பஸ் பிடிப்பதும் தட்டு அடுக்குவதும் அந்த அக்காவை இங்கே எடுப்பதற்காகத்தான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர் அதிகம் கதைத்ததில்லை. அவர் அதிகம் கதைத்தது ஒரு குறியைப் பற்றி.

ஆங்கிலத்தில் ஒரு பொருள் ஒருவருக்கு உரியது என்று காட்ட, அவருடைய பெயருக்கும் கடைசி எஸ்ஸுக்கும் நடுவில், உயரத்தில், சின்னதாக ஒரு கொமாவைத் தொங்கவிடுவார்கள் அல்லவா, அந்தக் குறி. அண்ணை அதற்கு வைத்திருந்த பெயர் மேல் கொமா. ஊரில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்தவர், அங்கே அப்படித்தானாம் சொல்வார்கள். அவருடைய சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு பேனை இருக்கும். ஒன்று எழுத, மற்றது திருத்த.

தயிரும் சப்பாத்தும் ஒரே கிழமையில் நடந்தபிறகு, இனிமேல் அவரவர் சாமானில் அவரவர் பெயரை ஒட்டுவது என்று தீர்மானித்தோம். ரூபன் வேலைத்தலத்திலிருந்து ஒரு டேப் சுருள் கொண்டுவந்தான். தமிழில் எழுதினால் என்ன என்று நான் கேட்டேன். ‘ரூபனுடைய தயிர்’ என்று எழுதிப் பார்த்தோம், டேப் சட்டியைச் சுற்றி வந்து தன் வாலைத் தானே பிடித்தது. ஆகவே ஆங்கிலம். அன்று பின்னேரம் அண்ணை பிரிட்ஜைத் திறந்தவர் பாலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"ஆர் இதை எழுதினது?"

"நான்தான் அண்ணை," என்றான் ரூபன்.

"எங்க மேல் கொமா? அது இல்லாட்டி ரூபன் ஒரு ஆளில்லை, கனபேர். கன ரூபன்மார் சேர்ந்து தயிர் வைச்சிருக்கினம் எண்டுதான் வாசிக்க வரும்."

"ஒரு ரூபனையே தாங்கேலாமல் கிடக்கு," என்றான் ஜெயம்.

அண்ணை சிரிக்கவில்லை. பேனையை எடுத்துக் குறியைப் போட்டார். பிறகு என்னுடைய மீன்குழம்புக்கு, ஜெயத்தின் முட்டைப் பெட்டிக்கு, எல்லாவற்றுக்கும். "‘உடைய’ எண்டு நாங்கள் மூண்டு எழுத்து எழுதிறம். வெள்ளைக்காரன் ஒரு கீறில முடிச்சிட்டான். அந்தக் கீறைப் போடவும் பஞ்சிப்பட்டால் என்ன செய்யிறது?" என்று சொல்லிக்கொண்டே போட்டார். பிரிட்ஜ் கதவு திறந்தே கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. எட்டு மணித்தியாலம் குளிர் அறையில் நின்றுவிட்டு வந்தவனுக்கு வீட்டிலும் குளிர்.

நாலு பேருக்கும் பொதுவான அரிசி மூட்டையில் ‘பொடியளின் அரிசி’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். அதில் குறியை எஸ்ஸுக்குப் பின்னால் போட்டார். "ஒருத்தன்ர எண்டால் எஸ்ஸுக்கு முன்னால. எல்லாற்றையும் எண்டால் பின்னால." ஒருநாள் ரூபன் அந்தக் குறியைச் சுரண்டிவிட்டு, எஸ்ஸுக்கு முன்னால் புதிதாக ஒன்றைப் போட்டுவைத்தான். அண்ணை வேலை முடிந்து வந்து, குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல், சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டார்: "இந்த வீட்டில ஒரு பொடியன்தானோ இருக்கிறான்?" ஏழெட்டு அடி தூரத்திலிருந்து ஒரு இலையான் அளவு குறி அவருக்குத் தெரிந்தது. ரூபன் அன்று எல்லோருக்கும் சோறு வடித்தான்.

அண்ணையின் சாமான்களில் மட்டும் டேப் இல்லை. அவருடைய பாலை எல்லோரும் குடித்தோம். அவர் வாங்கிவைக்கும் அப்பிள் பழத்தில் பாதிதான் அவருக்குக் கிடைத்திருக்கும். ஒரு நாள் ஜெயம் வெட்கப்பட்டு, "அண்ணை, உங்கட சாமானுக்கும் பெயரை ஒட்டுங்கோவன்," என்றான்.

"என்ர எண்டு சொல்லுறதுக்கு இங்கிலீசில மேல் கொமா இல்லையடாப்பா," என்றார். "அது மற்றாக்களுக்குத்தான்."

அப்போது அதை நான் ஓர் இலக்கணக் கதை என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வேலைத்தலத்தில் ஓர் அறிவித்தல் பலகை இருந்தது. மேலே பிரெஞ்சு, கீழே ஆங்கிலம். பிரெஞ்சை அவர் தொடமாட்டார். "அது நான் பழகாத வீடு, கதவைத் தட்டாமல் உள்ள போகக்கூடாது," என்பார். கீழ்ப்பாதி அவருடைய ஆட்சி. மேலாளர் ஒட்டுகிற ஒவ்வொரு தாளிலும் இரண்டு மூன்று குறி போட்டுவிட்டுத்தான் கையுறை மாட்டுவார். ஒரு காலையில் மேலாளர் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, இதில் கிறுக்கியது யார் என்று கேட்டார். வரிசையில் இருந்த முப்பது பேரும் தட்டுகளையே பார்த்தோம். அண்ணை கையைத் தூக்கினார். வேலை போனால் மனைவியைப் பொறுப்பெடுக்கிற மனுவும் போய்விடும், அக்காவை இங்கே எடுக்க முடியாது. இந்த மனிதருக்கு ஒரு கொமாவுக்காக இப்படி ஒரு வீம்பா என்று நான் பல்லைக் கடித்தேன்.

அரை மணித்தியாலம் கழித்து அண்ணை கையில் ஒரு கத்தைக் காகிதத்தோடு திரும்பி வந்தார். மேலாளர் பிரெஞ்சுக்காரர். ஆங்கிலம் அவருக்கும் எங்களைப் போல இரவல் பாஷைதான். தலைமை அலுவலகத்தில் தன் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நீண்ட நாளாக அவருக்கு உள்ளூர ஒரு குறையாம். அதன்பிறகு அறிவித்தல்கள் பலகைக்குப் போகுமுன் அண்ணையிடம் வந்தன. கோழித் தட்டுகளுக்கும் மரக்கறித் தட்டுகளுக்கும் நடுவில் நின்று, கையுறையைக் கழற்றி, வாசித்து, குறி போட்டுக் கொடுப்பார். மேலாளர் "மெர்சி, முஸ்யூ", நன்றி ஐயா, என்று தலை குனிந்து வாங்கிக்கொண்டு போவார். மற்ற எங்களை எங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார், அதுவும் பிழையாக.

தெரு முனையில் இருந்த தமிழ்ப் பலசரக்குக் கடைக்கும் ஒரு நாள் நேரம் வந்தது. முதலாளியின் பெயரோடு ஓர் எஸ்ஸைச் சேர்த்துப் பலகை மாட்டியிருந்தார்கள், குறி இல்லாமல். நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பலகையில ஒரு குறி விடுபட்டுப் போச்சு," என்றார் அண்ணை.

"விடுபடேல்லை அண்ணை, எடுத்தது," என்றார் முதலாளி. "இந்த மாகாணத்தில கடைப் பலகை பிரெஞ்சிலதான் இருக்கவேணும் எண்டு சட்டம், அது நிண்டால் இங்கிலீசுப் பலகையாம். எடுத்துவிட்டால் வெறும் பெயராம். ஆரும் முறைப்பாடு குடுத்தால் கடிதம் வரும். ஏன் சோலியை?"

"அப்ப கடை ஆற்ற?"

"என்ரதான்."

"பலகை அப்பிடிச் சொல்லேல்லையே."

முதலாளி நல்ல மனிதர். வெளியில்தான் சிக்கல், உள்ளே விரும்பியதைச் செய்யுங்கோ என்றார். அண்ணை கடைக்குள் நடந்தார். வீட்டில் இடித்த மிளகாய்த்தூள் போத்தல்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் முதலாளியின் பெயர். "இதை ஆர் இடிக்கிறது?" என்று கேட்டார். "மனிசிதான், வேறை ஆர்?" என்றார் முதலாளி. "அப்ப இதில அவவின்ர பெயரெல்லோ வரவேணும்." அடுத்த கிழமை கடைக்குப் போனபோது எல்லாப் போத்தலிலும் அந்த அம்மாவின் பெயர் இருந்தது, மேல் கொமாவோடு. அவர் பின்கதவால் வந்து அண்ணையின் கையில் ஒரு போத்தலைத் திணித்துவிட்டு உள்ளே போனார். அந்தத் தூளை அண்ணை வழக்கம்போல ஒரு பெயரும் ஒட்டாமல் பிரிட்ஜில் வைத்தார். பத்து நாளில் நாங்கள் முடித்துவிட்டோம்.

ஞாயிறு காலைகளில் அவர் மனைவியோடு தொலைபேசியில் கதைப்பார். கதைப்பார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. வாங்கை இழுத்துப்போட்டு அதில் இருந்து, தொலைபேசி அட்டையின் இலக்கத்தை அழுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "ஓம்... ஓம்... கொமா... ஓம்... முற்றுப்புள்ளி... ஓம்," என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆளுக்கு மூளை தட்டிவிட்டது என்றே முதலில் நினைத்தோம். கேட்டால், அக்கா அங்கே அன்றைய பேப்பரில் ஒரு செய்தியை எடுத்துக் குறிகளோடு வாசிக்கிறாவாம். இவர் கேட்கிறாராம்.

"எங்கட வேலை அப்பிடித்தானே," என்றார். "அவவும் அதே அச்சகம். அவ மூலப்பிரதியைப் பிடிச்சு வாசிப்பா, நான் புரூப்பைப் பாப்பன். ஒரு கொமா விடாமல் வாசிக்கவேணும். சரியெண்டால் நான் ஓம் எண்டு சொல்லவேணும், பிறகுதான் அடுத்த சொல். மூண்டு வருசம். வேறை ஒரு சொல்லும் கதைச்சதில்லை."

"பிறகு எப்பிடி அண்ணை?" என்றான் ரூபன்.

அண்ணை வெட்கப்பட்டார். அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். "ஒருநாள் கூரை ஓடு விக்கிற ஒரு கொம்பனி விளம்பரம். நடுவில அவ பிரதியில இல்லாத ஒரு வரியை வாசிச்சுப் போட்டா. ‘எங்கட வீட்டில வந்து கேக்கிறதுக்கு இன்னும் என்ன தாமதம், கேள்விக்குறி.’ நான் புரூப்பில தேடுறன், தேடுறன், அப்பிடி ஒரு வரி இல்லை. ஆனா வாய் பழக்கத்தில ஓம் எண்டு சொல்லிப்போட்டுது."

ஜெயம் சிரித்துச் சிரித்துத் தரையில் இருந்துவிட்டான். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் அன்று முதல் ஞாயிறு காலையில் அந்த ‘ஓம்’ கேட்டால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

அவர் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்ததை நான் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் சமையலறை மேசைக்கு ஆட்கள் வருவார்கள். தாயை எடுக்க, தம்பியை எடுக்க, பெண் எடுக்க. அண்ணை நிரப்புவார். நிரப்பியபின் விடமாட்டார். வந்தவர் கடவுச்சீட்டைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கவேண்டும், அவர் படிவத்தைப் பார்த்து ஓம் சொல்லவேண்டும். ஆங்கில எழுத்துத் தெரியாதவர் வந்தால் வாசிக்கிற தண்டனை எனக்கு. "எழுதினவன் தானே பாத்தால் தான் நினைச்சதைத்தான் பாப்பான், எழுதினதைப் பாக்கமாட்டான்," என்பார். அவர் கையால் போன ஒரு படிவமும் திரும்பி வந்ததில்லை.

தன்னுடைய படிவத்தை அவர் தனியாக நிரப்பினார். எங்கே சந்தித்தீர்கள், எப்படிச் சந்தித்தீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை கதைக்கிறீர்கள் என்றெல்லாம் அதில் கேட்டிருக்கும். அதை எங்கள் முன்னால் வாசிக்க அவருக்குக் கூச்சம். வேலைத்தலத்தில் சாப்பாட்டு இடைவேளையில் எழுதி, ஒட்டி, தபாலில் போட்டுவிட்டார். சண்டை நின்று யாழ்ப்பாணத்துப் பாதை திறந்திருந்த காலம் அது. அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் கொழும்புக்குப் போய், விசா அலுவலகத்தில் நேர்முகத்துக்கு நின்றா. அங்கேதான் விஷயம் வெளிப்பட்டது.

எங்களுடைய பெயர் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் பெயரோடு தகப்பனின் பெயர் சேரும். கலியாணம் முடிந்தால் பெண்ணின் பெயரோடு கணவனின் சொந்தப் பெயர் சேரும், கணவனின் தகப்பன் பெயரல்ல. கனடாக் கடதாசிகளில் அண்ணையின் குடும்பப் பெயர் என்று அவருடைய தகப்பனின் பெயர் ஏறியிருந்தது. படிவத்தில் மனைவியின் குடும்பப் பெயர் என்ற கட்டம் வந்தபோது, இந்த நாட்டில் புருசனுக்கும் பெண்சாதிக்கும் ஒரே குடும்பப் பெயர்தானே என்று தன் தகப்பனின் பெயரையே அங்கும் எழுதிவிட்டார். வெள்ளைக்காரன் முறைக்கு அது பொருந்தும். அக்காவின் கடவுச்சீட்டில் இருந்ததோ அண்ணையின் பெயர். எங்கள் முறைப்படி, ஒரே தகப்பனின் பெயரைப் போட்டிருக்கும் இருவர் அண்ணனும் தங்கையும். உங்களுக்கும் இவருக்கும் என்ன உறவு என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். எழுத்தில் விளக்கம் தரும்படி அண்ணைக்குக் கடிதம் வந்தது.

அந்த ஞாயிறு தொலைபேசியில் ‘ஓம்’ கேட்கவில்லை. அண்ணை வாங்கைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்து எங்களோடு இருந்தார்.

"ஏழு வருசம் காத்திருந்து, கடைசியில என்னை உங்கட தங்கச்சியாக்கிப் போட்டியள் எண்டு சொல்லுறா," என்றார்.

"பகிடிக்குச் சொல்லியிருப்பா அண்ணை," என்றேன்.

"தெரியேல்லை. சிரிச்சவவோ அழுதவவோ எண்டு பிடிபடமுதல் லைன் வெட்டிப்போட்டுது."

அதற்குப் பிறகு அவர் பேனையை எடுக்கவில்லை. சனிக்கிழமை வந்தவர்களிடம் தலையிடி என்று சொல்லி அனுப்பினார். மேலாளர் நீட்டிய தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தார். வேறொருவனின் பிழையாக இருந்தால் பத்து நிமிடத்தில் விளக்கம் எழுதியிருப்பார். இது தன் பிழை, அதுவும் பெயரில், அதுவும் ஆர் ஆருக்கு உரியவர் என்கிற இடத்தில். வீட்டிலுள்ள தயிர்ச் சட்டி ஒவ்வொன்றுக்கும் உரிமைக்காரனைக் குறித்துக் கொடுத்தவர், தன் மனைவியைத் தன் தகப்பனின் மகளாக எழுதிவிட்டார் என்று ரூபன் பகிடி விடப்போனான். ஜெயம் அவனுடைய காலை மிதித்தான்.

ரூபன் வேண்டுமென்றே தன் தயிரில் குறி இல்லாமல் ஒரு டேப் ஒட்டிவைத்தான். அண்ணை பிரிட்ஜைத் திறந்தார், பார்த்தார், பாலை எடுத்தார், மூடினார். அன்றைக்குத்தான் எங்களுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

மூன்றாம் ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் மேசையைத் துடைத்து, வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தேன். "எழுதுங்கோ அண்ணை. நான் வாசிக்கிறன்."

அவர் பேனையை எடுத்தார். எழுதினார், பிறகு அதைப் பார்த்து இன்னொரு தாளில் சுத்தமாக எழுதினார். அந்தக் கடிதம் முழுவதும் மேல் கொமாதான். என் தகப்பனின் பெயர் இது. என் மனைவியின் தகப்பனின் பெயர் இது. என் மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் நிற்பது அவளுடைய கணவனின் பெயர், அந்தக் கணவன் நான். வரிக்கு இரண்டு ‘உடைய’. ஒன்று இடம் மாறினாலும் அக்கா மறுபடி வேறு யாருக்கோ மகளாகவோ தங்கையாகவோ ஆகிவிடுவா. இவ்வளவு நாளும் நான் பல்லைக் கடித்த அந்தச் சின்னக் கீறை அன்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடி வாசித்தேன். "ஃபாதர், மேல் கொமா, எஸ், நேம்." அவர் சுத்தப் பிரதியைப் பார்த்து, "ஓம்." "வைஃப், மேல் கொமா, எஸ், ஃபாதர், மேல் கொமா, எஸ், நேம்." "ஓம்."

மூன்று தடவை வாசித்தோம். மூன்றாம் தடவை சாப்பாட்டு மயக்கத்தில் இல்லாத இடத்தில் ஒரு குறியை வாசித்துவிட்டேன்.

அண்ணை தலையை நிமிர்த்தினார். "பிரதியில இல்லாததை நீர் வாசிக்கக்கூடாது. அந்த உரிமை அவவுக்கு மட்டும்தான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மூன்று கிழமைக்குப் பிறகு வந்த சிரிப்பு. கடிதத்தை மடித்து உறையில் போட்டுவிட்டு, எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்து, ரூபனின் தயிருக்குக் குறியைப் போட்டார். அறைக்குள் படுத்திருந்த ரூபன் பேனை மூடியின் சத்தத்தைக் கேட்டு, "அப்பாடா," என்றான்.

பனி கரைந்து, மறுபடி இலை துளிர்த்த பிறகு விசா வந்தது.

விமான நிலையத்துக்கு ஓர் அட்டை பிடிக்கவேண்டும் என்பது ரூபனின் யோசனை. களஞ்சியத்திலிருந்து நல்ல கனமான பெட்டி அட்டை ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தான். அண்ணை குளிக்கப் போயிருந்த நேரம். தமிழில் எழுதுவோம் என்றான் ஜெயம். "தமிழில எழுதினால் மேல் கொமா வராது. அண்ணைக்குச் சப்பெண்டிருக்கும்," என்றான் ரூபன். ஆகவே ஆங்கிலத்தில் எழுதினோம். முதலில் அண்ணையின் பெயர், பிறகு மேல் கொமா, எஸ், அதன்பின் வைஃப், கீழே வெல்கம். ரூபன் எழுதினான், நான் வாசித்தேன், ஜெயம் விரலை வைத்துப் பார்த்து ஓம் சொன்னான். எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் அந்தக் குறி வந்தது அன்றுதான் முதல் தடவை.

டோர்வலிலிருந்து புறப்படுகிற விமானங்களுக்கு இத்தனை வருடம் சாப்பாடு அடுக்கியவர், ஆட்கள் வெளியே வருகிற கதவை ஒருநாளும் பார்த்ததில்லை. அங்கே போய் நின்றதும் கை வைக்க இடம் தெரியாமல் சட்டைப் பைப் பேனைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நாங்கள் அட்டையைத் தூக்கிப் பிடித்தோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுத்து இருக்கிற ஒரு பொருளை அண்ணை வாசிக்காமல் விட்டதை நான் அன்றுதான் கண்டேன்.

அக்கா வந்தா. மெலிந்த உயரமான பெண், மண்ணிறக் கம்பளிச் சட்டை, தள்ளுவண்டியில் ஒரே ஒரு பெட்டி. அண்ணை அசையாமல் நின்றார். அக்கா பார்த்தது அவரை அல்ல, அட்டையை. வண்டியை நிறுத்திவிட்டு, உதடு மெல்ல அசைய, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் வாசித்தா.

"ஓம்," என்றா. "பிழையில்லை." பிறகு அண்ணையின் பக்கம் திரும்பி, "அண்டைக்குத் தங்கச்சியாக்கினியள். இண்டைக்குத் தயிர்ச் சட்டியாக்கிப் போட்டியள்."

எங்கள் பிரிட்ஜின் கதை முழுவதும் ஞாயிறு தவறாமல் யாழ்ப்பாணத்துக்குப் போயிருக்கிறது என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ரூபன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அண்ணையின் கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைக்கவும் இல்லை. எனக்கும் அழுகை வந்தது, அதை மறைக்கிற வயதாக இருந்ததால் கூரையைப் பார்த்தேன்.

"பேனை இருக்கோ?" என்று கேட்டா அக்கா.

ஏழு வருடத்துக்குப் பிறகு மனைவி கேட்ட முதல் பொருள். அண்ணை சட்டைப் பையிலிருந்து இரண்டையும் எடுத்து நீட்டினார். அக்கா ஒன்றை வாங்கிக்கொண்டு, எங்கள் கையிலிருந்த அட்டையை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, பெட்டியின் மேல் வைத்து எழுதினா. ஆட்கள் எங்களைச் சுற்றி வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். முதலில் அக்காவின் பெயர். மேல் கொமா. எஸ். பிறகு ஹஸ்பண்ட். எழுதி முடித்து அண்ணையின் இரண்டு கையிலும் அதைக் கொடுத்து, "பாத்துச் சொல்லுங்கோ," என்றா.

அண்ணை வாசித்தார். ஒவ்வோர் எழுத்தாக, அவசரப்படாமல். குறி இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். எத்தனை ஆயிரம் மேல் கொமா பார்த்த கண் அது, இது ஒன்றை மட்டும் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தது.

"ஓம்," என்றார்.

பெட்டியை நான் தள்ளினேன். வாகனத்துக்குப் போகிறவரைக்கும் அந்த அட்டையை அவர் ஒருவரிடமும் கொடுக்கவில்லை.